வேடிக்கை பார்க்க ஒரு கரை

மாநகராட்சிக்கும் துறைமுக நிர்வாகத்துக்கும் படகுப் போக்குவரத்தை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். பெரிய துறைமுக நகரங்களின் கரையோரமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தால், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிலத்தின் சொந்தக்காரர் மாறிவிடுகிறார். நடைபாதை ஒருவருடையது, கரைச்சுவர் இன்னொருவருடையது, படகுத்துறை மூன்றாமவருடையது. நடுவில் ஒரு பெஞ்சு உடைந்து கிடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆளுக்கொரு திசையில் கை காட்டுவீர்கள். அலைந்து பார்த்தவன் சொல்கிறேன். அதனால் இந்த முறை மூவருமே வாசித்துவிடுங்கள். யார் எதைச் செய்வது என்பதை அப்புறம் உங்களுக்குள் பேசிக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. ஒருமுறை ஒரு துறைமுக நகரத்தில் அவர்களைக் கடல்வாழ் உயிரினக் காட்சிசாலைக்குக் கூட்டிப்போனோம். வாரங்களுக்கு முன்பே பதிவு செய்த சீட்டு, நீண்ட வரிசை, கண்ணாடிச் சுரங்கத்துக்குள் தலைக்கு மேலே சுறா, எல்லாம் உண்டு. வெளியே வந்து கரையில் களைத்து உட்கார்ந்திருந்தபோது, கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த ஒரு இழுவைப்படகு தன்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பலின் விலாவில் மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் வீட்டில் சோபாவும் நாற்காலியும் நகர்ந்த வண்ணம் இருந்தன. சுறாவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

நான் கேட்க வந்தது இதுதான். பிள்ளைகளுக்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். துறைமுகம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதை அவர்கள் வேடிக்கை பார்க்க வழிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வெளியே போவதில் எது சுலபம், எது சிரமம் என்பது பிள்ளை வளர்ப்பவர்களுக்குத்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, சின்னவளுக்குக் கண் சொருகும் வரைக்கும். இடையில் ஒருவருக்குத் தாகம் எடுக்கும், ஒருவருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டும், ஒருவருக்கு மற்றவரைப் பிடிக்காமல் போகும். ஆகவே எந்த இடத்திலிருந்தும், எந்த நிமிடத்திலும் பாதியில் திரும்பிவிட முடிய வேண்டும். பெரிய தொகை கொடுத்து வாங்கிய சீட்டின் தொல்லையே அதுதான். பிள்ளை அழுதாலும் “இவ்வளவு கொடுத்தாயிற்றே” என்று இழுத்துக்கொண்டு சுற்றுவோம். கடைசியில் எல்லோரும் அழுவோம்.

இந்தக் கணக்குக்கு மிகச் சரியாகப் பொருந்துவது எது தெரியுமா? வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் சாதாரணப் படகு.

நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் ஃபெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 8 கிலோமீட்டர், 25 நிமிடம். 1997 முதல் கட்டணமே கிடையாது. இரவு பகலாக ஓடுகிறது. போகிற வழியில் சுதந்திர தேவி சிலையும் துறைமுகம் முழுவதும் தெரியும். அது யாருக்காகவும் நடத்தப்படும் உல்லாசப் பயணம் இல்லை, அலுவலகம் போகிறவர்களின் வண்டி. அதில் ஏறிய குடும்பம், குழந்தை முரண்டு பிடித்தால் எதிர்க்கரையில் இறங்கி அடுத்த படகில் திரும்பிவிடலாம். ஹாங்காங்கின் ஸ்டார் ஃபெர்ரி 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடுகிறது. அந்தக் கடப்பு பத்து நிமிடம்கூட ஆகாது. இரண்டு முனையும் ஒன்றுபோல இருப்பதால் படகு திரும்பவே வேண்டியதில்லை. அதற்கேற்ப இருக்கைகளின் சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளிப் போகிற திசையைப் பார்த்து உட்காரலாம். ஏழு வயதுப் பையனுக்கு அந்தச் சாய்மானம் ஒன்றே போதும். கப்பல் எதற்கு?

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 62ஆம் எண் படகு நகரப் பேருந்து, ரயிலுக்கான அதே சீட்டில் ஓடுகிறது. எல்பே ஆற்றில் கப்பல் பழுதுபார்க்கும் துறைகளையும் கன்டெய்னர் கப்பல்களையும் கடந்து போகிறது. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பல நகரங்களில் இந்தச் சாதாரணப் படகு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கரையின் முகப்பில் வரிசையாகச் சுற்றுலாப் படகுக் கவுண்டர்கள், வண்ணப் பலகைகள், கையைப் பிடித்து இழுக்கும் ஆட்கள். ஒலிபெருக்கியில் ஒன்றரை மணி நேரம் வரலாறு சொல்லும் பயணத்துக்குச் சீட்டு விற்பார்கள். இருபதாவது நிமிடத்தில் “இறங்கணும்” என்று ஆரம்பித்த குழந்தையோடு மிச்சம் எழுபது நிமிடத்தை ஓட்டியவர்களுக்குத் தெரியும் அந்த வரலாறு. சாதாரணப் படகின் துறையோ ஏதோ ஒரு கட்டடத்துக்குப் பின்னால், பலகைகூட இல்லாமல் ஒதுங்கிக் கிடக்கும். சுற்றுலாக்காரர்கள் பிழைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் சொந்தப் படகுக்கு ஒரு பலகை வையுங்கள். அடுத்த படகு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரப் பயணம், உடனே திரும்ப முடியுமா என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

பலகை வைத்தால் மட்டும் ஏறிவிட முடியாது. கடலில் ஓதம் உண்டு, அதாவது நீர் தினமும் ஏறி இறங்கும் என்பதைத் துறைமுகக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீர் ஏறியிருக்கும்போது கரையும் படகும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். நீர் வற்றும்போது அதே இணைப்புப் பாலம் சரேலென்று கீழே சரிந்துவிடும். ஒருமுறை காலையில் சுகமாக ஏறிப் போன நாங்கள், மதியம் திரும்பியபோது அதே பாலம் ஏணி மாதிரி நின்றது. குழந்தையை ஒரு கையிலும் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மனைவி பின்னோக்கி ஏற, நான் கீழிருந்து முட்டுக்கொடுக்க, மூத்தவன் மேலே நின்று “இழுவைப்படகு, இழுவைப்படகு” என்று கத்திக்கொண்டிருந்தான். பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் காத்திருந்தார். அவருக்கு எந்த வழியும் இல்லை.

இது தீராத பிரச்சினையும் இல்லை. 2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் படகுத்துறைகளே மிதவைகளாக இருக்கின்றன. நீர்மட்டத்தோடு மேடையும் ஏறி இறங்குவதால், படகின் தளமும் மேடையும் எப்போதும் சமமாக நிற்கும். ஓதத்தின் வீச்சு அதிகமுள்ள இடங்களில் மிதவைக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பாலத்தை நீளமாக்கினால்தான் சரிவு குறையும். அதற்குச் செலவு ஆகும், காலமும் ஆகும். அதுவரை ஒரு காரியம் செய்யலாம். எந்த நேரத்தில் சரிவு அதிகம் என்பது ஓத அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். அதைப் படகு நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தள்ளுவண்டிக்காரர்கள் நேரம் பார்த்து வந்துகொள்வோம்.

அடுத்தது துறைமுகத்தைப் பற்றி. இதுதான் எனக்கு முக்கியம்.

முன்பெல்லாம் கப்பல் ஊருக்கு நடுவிலேயே நின்றது. மூட்டையும் பீப்பாயும் ஆட்கள் தோளில் ஏறி இறங்கின, அதற்கு நாள்கணக்காகும், ஊர்ப் பிள்ளைகள் கரையில் நின்று பார்த்தார்கள். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டகங்களோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. கன்டெய்னர் யுகத்தின் தொடக்கமாக அந்தப் பயணத்தைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பெட்டகங்களை அடுக்கப் பரந்த நிலமும் பெரிய கப்பல்களுக்கு ஆழமான நீரும் தேவைப்பட்டன. துறைமுகங்கள் ஊரைவிட்டு முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தன. ஊருக்குள் மிஞ்சிய பழைய துறைகள் பல இடங்களில் அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும் ஆயின. போதாததற்கு, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது வேலிகள் உயர்ந்தன. வேலி வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு விவரமில்லாதவன் இல்லை நான். கிரேனுக்குக் கீழே என் பிள்ளைகள் ஓட வேண்டாம். ஆனால் இத்தனை மாற்றத்துக்குப் பிறகு, துறைமுக நகரத்தில் வளரும் ஒரு குழந்தை கப்பலை அருகில் பார்க்காமலே வளர முடிகிறது. பக்கத்திலேயே கடல் இருந்தும் அது கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவிலுள்ள நீலக்கீற்றாகத்தான் தெரிகிறது.

வேலியை வைத்துக்கொண்டே வழிவிட முடியும். மறுபடியும் ஹாம்பர்க்தான். எல்பே கரையில் ஓவல்கோனே என்ற பகுதியில் மணற்கரை இருக்கிறது. நேர் எதிரே கன்டெய்னர் முனையம். பிள்ளைகள் மணலில் குழி தோண்ட, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு ஆறே ஓடுகிறது, அதைவிட நல்ல வேலி ஏது? அங்கிருந்து இன்னும் கொஞ்சம் கீழே, வேடல் என்ற ஊரில் 1952 முதல் கப்பல்களை வரவேற்கும் நிலையம் ஒன்று நடக்கிறது. பெரிய கப்பல் கடந்து போகும்போது அதன் நாட்டுக் கொடிக்கு மரியாதை செய்து, தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டு, எங்கிருந்து வருகிறது, எவ்வளவு பெரியது என்பதைக் கரையில் இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ஒரு ஒலிபெருக்கியும் விவரம் தெரிந்த ஒரு ஆளும். இதைவிடச் சிக்கனமான குழந்தைகள் அருங்காட்சியகத்தை யாராவது கட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஆளை வைக்க முடியாவிட்டால் பலகையாவது வையுங்கள். ஆனால் இப்போது இருப்பவை போல வேண்டாம். பெரும்பாலான கரையோரப் பலகைகளில் இந்தத் துறையை யார் எந்த ஆண்டு திறந்து வைத்தார் என்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் கேட்பது வேறு. கப்பலின் அடிப்பக்கம் ஏன் சிவப்பு? முன்னால் தண்ணீருக்குள் ஏன் மூக்கு மாதிரி புடைத்திருக்கிறது? விலாவில் வட்டம் போட்டு நடுவில் கோடு கிழித்து எழுத்தெல்லாம் எழுதியிருக்கிறதே, அது என்ன?

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, நல்லவேளை. அது பாரக்கோடு. அதிகச் சரக்கு ஏற்றிக் கப்பல்கள் மூழ்கியதைப் பார்த்து சாமுவேல் பிலிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதால், 1876இல் அங்கே கட்டாயமாக்கப்பட்டது. பக்கத்திலுள்ள கோடுகளில் ஒன்று கோடைக்கு, ஒன்று குளிர்காலத்துக்கு, ஒன்று நன்னீருக்கு. குளிர்காலத்தில் கடல் முரட்டுத்தனமாக இருக்கும் என்பதால் குறைவாக ஏற்ற வேண்டும். நன்னீர் கடல்நீர் அளவுக்குத் தாங்காது, அதில் அதே கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழும். இதைச் சொன்ன அன்று இரவே குளியல் தொட்டியில் சோப்புப் பெட்டிக்கு மார்க்கர் பேனாவால் கோடு விழுந்துவிட்டது.

கப்பல் சங்குக்கும் ஒரு பாஷை உண்டு, அதையும் எழுதிப் போடலாம். சிறிதாக ஒரு முறை ஊதினால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு முறை என்றால் இடப்பக்கம், மூன்று முறை என்றால் எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறேன். வேகமாக ஐந்து முறையோ அதற்கு மேலோ ஊதினால், நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்று பொருள். இது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாத் துறைமுகங்களிலும் அடிக்கடி கேட்கும் என்று சொல்ல மாட்டேன், ரேடியோ வந்த பிறகு சங்கு குறைந்துவிட்டது. இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அது தினமும் ஒலிக்கிறது. நான் எதையாவது நீளமாக விளக்க ஆரம்பித்தால் மூத்தவன் ஐந்து முறை ஊதுவான்.

சரி, இந்தப் பலகையை எல்லாம் வைத்த பிறகு அதை எந்த உயரத்தில் நடுவீர்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. நகரங்களைச் சின்னக் குழந்தைகளின் கண்ணால் பார்க்கச் சொல்லி வான் லீர் அறக்கட்டளை தொடங்கிய அர்பன்95 என்ற திட்டத்தின் பெயரிலுள்ள 95, ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம், சென்டிமீட்டரில். உங்கள் கரைச்சுவர் பெரியவர்களின் இடுப்புக்கு மேலே வருகிறது. என் மகளுக்குத் துறைமுகம் என்பது ஈரமான கான்கிரீட். அவளைத் தூக்கிக் காட்டியே என் தோள்பட்டை போய்விட்டது. அப்படித் தூக்கிச் சுவரின் மேல் உட்காரவைப்பதுதான் ஆபத்து என்பதும் தெரிந்தே செய்கிறோம், வேறென்ன செய்ய? கரைச்சுவரின் நடுவில் ஆங்காங்கே திறந்துவிட்டு, நேர்க்குத்தான கம்பிகள் போடுங்கள். குறுக்குக் கம்பி வேண்டாம், அதில் கால் வைத்து ஏறிவிடுவார்கள். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம், தலை நுழையும். கட்டட விதிகளில் பால்கனிக்குப் பல நாடுகளில் இருக்கும் அளவுதான் இது, உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதது இல்லை. நீரில் மூழ்குவது குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தடுப்பு வேண்டும். அதன் வழியாகக் கடல் தெரியவும் வேண்டும்.

தண்ணீரைத் தொட ஆசைப்படுவார்கள், அதை மறந்துவிடாதீர்கள். கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஒரு காலத்தில் கழிவுநீர் கலந்துகொண்டிருந்தது. சாக்கடை வழிந்து துறைமுகத்தில் விழாமல் தேக்கி வைக்கும் கட்டமைப்புகளைப் பல ஆண்டுகள் கட்டி, நீரைச் சுத்தம் செய்து, 2000களின் தொடக்கத்தில் ஐலண்ட்ஸ் பிரிகே கரையில் மிதக்கும் நீச்சல் துறையைத் திறந்தார்கள். குழந்தைகளுக்கென்று ஆழம் குறைந்த தனிக் குளங்களும் அதில் இருக்கின்றன. இதை நாளைக்கே செய்யுங்கள் என்று கேட்க எனக்கும் கூச்சமாக இருக்கிறது. காலை நனைத்துக்கொள்ள நாலு படி, பக்கத்தில் ஒரு மிதவை வளையம், நீர் எப்போது அசுத்தம் என்று சொல்லும் ஒரு கொடி. அதோடு ஆரம்பிக்கலாம்.

மழை நாளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. உங்களிடம் பழைய சுரங்கப்பாதையோ, கிடங்கோ, மின்தூக்கியோ பயன்படாமல் கிடந்தால் இடித்துவிடாதீர்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ஷெல்ட் ஆற்றுக்கு அடியில் 1933இல் திறந்த நடைச் சுரங்கம் இருக்கிறது, 572 மீட்டர். அதில் இறங்கும் நகரும் படிக்கட்டுகள் இன்னும் மரத்தாலானவை. ஹாம்பர்க்கின் பழைய எல்பே சுரங்கம் 1911ஆம் ஆண்டுக்குரியது, மறுகரைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. பெரிய மின்தூக்கிகள் ஒரு காலத்தில் ஆட்களையும் வண்டிகளையும் சேர்த்தே இறக்கிவிட்டன. ஆற்றுக்கு அடியில் நடக்கிறோம், தலைக்கு மேலே கப்பல் போகிறது என்று சொன்னால் போதும், பிள்ளை கால் வலிக்கிறது என்று சொல்ல மறந்துவிடும்.

கடைசியாக வந்தாலும் முதலில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் கழிப்பறை. ஒரு படகுத்துறையில் அருமையான புதுக் கழிப்பறை கட்டியிருந்தார்கள். குழந்தைக்கு டயப்பர் மாற்றும் மேடை இருப்பதாகக் கதவில் படம்கூட இருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவி ஒரு ஆளிடம், அவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் சாப்பிடக் கூடாதா என்ன, சாப்பிடட்டும். ஆனால் மூன்று வயதுக் குழந்தை “வருது” என்று சொல்வதற்கும் வருவதற்கும் நடுவில் இருக்கும் நேரம் ஒருவர் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தைவிடக் குறைவு. அன்றைய துறைமுகச் சுற்றுலா அங்கேயே, ஈரக் காலோடு முடிந்தது. அதே நகரத்தில் இன்னொரு துறையில் மாற்றும் மேடை பெண்கள் பக்கத்தில் மட்டும் இருந்தது. கைக்குழந்தையோடு தனியாக வந்த ஒரு அப்பா, பயணப் பையை விரித்து மணலில் மண்டியிட்டிருந்தார். நாங்கள் குடை பிடித்தோம்.

குடிநீர்க் குழாய், மரமோ பந்தலோ ஏதாவது ஒரு நிழல், முதுகு சாய ஒரு பெஞ்சு. இவற்றை எல்லாம் விரித்து எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். கையில் கொண்டுவந்த சாப்பாட்டைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுப்பிவிட வேண்டாம் என்று காவலர்களிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள்.

நிதி ஒதுக்க வேண்டும், கூட்டம் போட வேண்டும், மூன்று அலுவலகக் கோப்புகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும், எல்லாம் புரிகிறது. மிதவைத் துறைக்கும் கம்பித் தடுப்புக்கும் காத்திருக்கிறோம். பலகைகளுக்கான வாசகம் வேண்டுமானால் மூத்தவன் எழுதித் தருவதாகச் சொல்கிறான், எழுத்துப்பிழைகளை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைச் சாவிக்குக் கூட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் படகு கிளம்புவதற்கு முன்னால் அதைத் திறந்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா